வளைகாப்புக்குப் பின் காணாமல் போன சிவப்புப் புள்ளி

எங்கள் சுகாதார மையத்தில் மாதக் கூட்டம் நடக்கும் அறையில்தான் தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியும் இருக்கிறது. அது ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும். நான் எப்போதும் அதன் பக்கத்தில்தான் உட்காருவேன். அங்கே உட்கார்ந்திருப்பவர் சொல்லும் பதில் யார் காதிலும் சரியாக விழாது என்பதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. நாலு பேர் முன்னால் எழுந்து நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் எனக்கு, அந்த அறையில் அதைவிட நல்ல இடம் கிடையாது.

பாண்டியில், கருவடிக்குப்பத்தில் ஆஷா என்னும் சுகாதாரப் பணியாளராக வேலை செய்கிறேன். வீடு சாரத்தில். என் பகுதியில் யார் முழுகாமல் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, அவர்களைப் பரிசோதனைக்கு அழைத்து வருவதும், மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று போய்ப் பார்ப்பதும், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவதும் என் வேலை. வீட்டுக்குள் போய்த் தரையில் உட்கார்ந்து பேச எனக்கு வரும். கூட்டத்தில் பேசத்தான் வராது.

அந்த மாதக் கூட்டத்தில் டாக்டரம்மா சுவரில் ஒட்டியிருந்த பெரிய தாளைக் காட்டிப் பேசினார். அதில் ஒரு கோடு மேலிருந்து கீழே சரிந்து இறங்கும். நாட்டின் வளர்ச்சித் திட்டத்தில் இத்தனை வருடத்துக்குள் பிரசவத்தில் தாய் சாவு இவ்வளவு குறைய வேண்டும், கர்ப்பிணிகளின் ரத்தசோகை இவ்வளவு குறைய வேண்டும் என்று இலக்கு போட்டிருக்கிறார்களாம். அந்த இலக்கை நோக்கி இறங்குவதுதான் அந்தக் கோடு.

"பெரிய மாநிலத்துல ஒரு தாய் செத்தா இந்தக் கோடு அசையாது. நம்ம ஊரு சின்னது. இங்க ஒரே ஒரு தாய் செத்தாலும் கோடு கூரைக்குப் போயிடும்," என்றார் டாக்டரம்மா.

கோட்டுக்குக் கீழே எங்கள் மையத்தின் கர்ப்பிணிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு வட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ரத்த அளவு, அதாவது ஹீமோகுளோபின், சரியாக இருந்தால் பச்சை. குறைந்தால் மஞ்சள். ஏழுக்கும் கீழே போனால் சிவப்பு. போன மாதம் என் பகுதியில் ஒரு சிவப்பு இருந்தது. அந்த மையத்திலேயே இருந்த ஒரே சிவப்பு அதுதான்.

அன்றைக்கு அந்த இடத்தில் வெள்ளைத் தாள்தான் தெரிந்தது. ஸ்டிக்கரை உரித்த இடத்தில் கொஞ்சம் பிசின் மட்டும் இருந்தது.

"சிவப்பே இல்ல. நல்ல விஷயம். அடுத்த வாரம் டில்லியிலருந்து ஆய்வுக் குழு வருது. அதுவரைக்கும் எல்லாரும் இப்படியே பாத்துக்குங்க," என்றார் டாக்டரம்மா. அறையில் இருந்த எல்லோருக்கும் மூச்சு வந்தது போல இருந்தது. டீ வந்தது. சுண்டல் வந்தது. நான் இரண்டையும் தொடவில்லை.

அந்தச் சிவப்பு பச்சையாகவில்லை. மஞ்சளாகவும் ஆகவில்லை. அம்மா வீட்டுக்குப் போயிருந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணுக்கு இருபது வயதுகூட நிரம்பியிருக்காது. மாமியார் வீட்டு வாசலிலேயே இட்லிக் கடை போட்டிருக்கிறார். கணவன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். வந்தால் ஞாயிற்றுக்கிழமை வருவான். முதல் தடவை நான் அந்த வீட்டுக்குப் போனபோதே மாமியார் புகார் சொன்னார்.

"ஆஷாம்மா, இதக் கேளு. மாவுக்கு அரிசி ஊறப்போட்டா பாதிதான் கிரைண்டருக்குப் போவுது. மீதிய எலி தின்னுதுன்னு நானும் பொறி வெச்சேன். எலி இங்க நிக்குது பாரு, ரெண்டு காலு எலி."

அந்தப் பெண் சுவரைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். வாயில் அரிசி இருந்தது. பச்சை அரிசியைத் தின்னத் தோன்றுவது ரத்தம் குறைந்ததற்கு ஒரு அடையாளம் என்று எங்கள் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அழைத்துப் போய்ப் பரிசோதித்தபோது சிவப்பு வந்தது. மாத்திரை கொடுத்தால் வாந்தி எடுத்தாள். குளுக்கோஸ் போல இரும்புச்சத்து மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். ஒரு தடவை ஏற்றியாயிற்று. அடுத்த தடவைக்கு நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். அதற்குள் வளைகாப்புக்கு நல்ல நாள் வந்துவிட்டது.

வளைகாப்புக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையல் போட்டு, கன்னத்தில் சந்தனம் பூசி, கலவைச் சாதம் கட்டிக் கொடுத்து, அவளுடைய அம்மாவோடு அனுப்பினார்கள். அம்மாவின் ஊர் பாண்டி எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், விழுப்புரம் போகிற வழியில், கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில். வண்டி கிளம்பும்போது நான் அந்த அம்மாவிடம், "அக்கா, அடுத்த மருந்து ஏத்தணும், மறந்துடாதீங்க," என்றேன். "அங்க இன்னா ஆஸ்பத்திரியா இல்ல, பாத்துக்கறோம்," என்றார் அவர்.

ஸ்டிக்கரை எடுத்தது எங்கள் நர்ஸ். விதிப்படி அவர் செய்தது சரிதான். ஒருவரை இரண்டு இடத்தில் எண்ணக்கூடாது. அம்மா வீட்டுக்குப் போனவரை அந்த ஊர் மையம் எண்ண வேண்டும். கூட்டம் முடிந்ததும் அவரைப் பின்தொடர்ந்து வராந்தாவுக்குப் போனேன்.

"சிஸ்டர், அந்த இட்லிக்கடை வீட்டு மருமவ…"

"அதான் போயிடுச்சே."

"அங்க மருந்து ஏத்துனாங்களான்னு ஒரு வார்த்தை கேட்டா நல்லா இருக்கும்."

"யார்கிட்ட கேக்கறது? அந்தப் பக்கம் எனக்கு யாரத் தெரியும்? அவங்க ஊரு, அவங்க நர்ஸு, அவங்க பாத்துப்பாங்க." கையில் இருந்த சாவிக் கொத்தை மேசை மேல் வைத்தார். "உனக்குத் தெரியாதா நான் பட்டது? ஒரு அம்மா போய்ச் சேந்துது, என்னை எத்தனை ரூம்ல உக்கார வெச்சு எத்தனை பேரு கேட்டாங்க. ஏன் பாக்கல, எப்பப் பாத்த, எதுக்கு எழுதல. இந்தக் குழு வந்துட்டுப் போவட்டும். அப்புறமா போன் பண்றேன். இப்பத் தோண்டாத."

அவர் பழைய மையத்தில் இருந்தபோது நடந்த சாவு அது. அதிலிருந்து அவர் சாப்பிடும்போதுகூட போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் குழு வந்து போகும் வரைக்கும் அந்தப் பெண்ணின் வயிறு காத்திருக்குமா என்பதும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு போன் செய்தேன். தெரியாதவர்களிடம் போனில் பேச எனக்குக் கூச்சம். என்ன பேசுவது என்று மனத்துக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எண்ணை அழுத்துவேன்.

"நல்லாதான் இருக்கா," என்றார் அவர். "கொஞ்சம் மூச்சு வாங்குது. ராவுல படுக்க முடியலன்றா, உக்காந்துக்குனே தூங்கறா. வயித்துப் புள்ளக்காரின்னா அப்படித்தான இருப்பா."

"மருந்து ஏத்துனீங்களா அக்கா?"

"நர்ஸம்மா வந்துட்டுப் போனாங்க," என்றார். அது நான் கேட்டதற்குப் பதில் இல்லை. பின்னால் ஒரு மாடு கத்தியது. போனை வைத்துவிட்டார்.

உட்கார்ந்துகொண்டே தூங்குகிறாள் என்ற சொல் எனக்குள் தங்கிவிட்டது. ரத்தம் மிகவும் குறைந்துபோனால் இருதயம் திணறும், படுத்தால் மூச்சு முட்டும் என்று டாக்டரம்மா ஒருமுறை விளக்கியிருந்தார். அந்த நிலையில் வலி எடுத்தால், பிரசவத்தில் போகிற சாதாரண ரத்தமே ஆளைக் கொண்டுபோய்விடும் என்றும் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலையில் பஸ் ஏறினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போகாதே என்பார்கள், என்னால் எதிர்த்துப் பேச முடியாது.

பாண்டி ஒரே துண்டாக இல்லை. விழுப்புரம் ரோட்டில் போகும்போது பெட்ரோல் பங்குகளும் பிராந்திக் கடைகளும் நெருக்கியடித்து நின்றால் எல்லை வந்துவிட்டது என்று அர்த்தம். அதைத் தாண்டினால் வயல். பிறகு மறுபடியும் பாண்டி, மறுபடியும் தமிழ்நாடு. பஸ்ஸில் இருக்கிற யாரும் அதைக் கவனிப்பதில்லை. நானும் அதுவரை கவனித்ததில்லை. அன்றைக்கு ஒவ்வொரு பங்கையும் பார்த்துக்கொண்டே போனேன்.

அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் வளையல் சத்தம்தான் கேட்டது. அவள் ஃபேனுக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது, அதோடு வளையல்களும். கால் இரண்டும் வீங்கி, விரல்கள் உப்பிப் போயிருந்தன. நாக்கைக் காட்டச் சொன்னேன். சுண்ணாம்பு அடித்தது போல இருந்தது.

"வாங்க அக்கா," என்றாள். அதற்கே அவளுக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"நர்ஸு வந்தாங்கன்னீங்களே அக்கா, இன்னா சொன்னாங்க?"

"அட்டையப் பாத்தாங்க. இது பாண்டி அட்டைம்மா, பிரசவமும் பாண்டி பெரியாஸ்பத்திரிலன்னு எழுதியிருக்கு, மருந்தும் அங்கதான் ஆரம்பிச்சிருக்காங்க, அவங்களே பாத்துப்பாங்கன்னாங்க. போயிட்டாங்க."

எங்கள் நர்ஸ் சொன்ன அதே வார்த்தை. இந்தப் பக்கம் அந்தப் பக்கத்தை நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தது. அந்தப் பக்கம் இந்தப் பக்கத்தை நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தது. நடுவில் இவள் உட்கார்ந்துகொண்டே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவணும். விழுப்புரம் போனாலும் சரி, பாண்டி போனாலும் சரி."

"விழுப்புரத்துல எங்களுக்கு யாரத் தெரியும்? எம் பெரிய பொண்ணுக்கும் பாண்டிலதான் பொறந்துது. பாண்டிலதான் பாக்கணும்." அவர் தரையில் உட்கார்ந்தார். "என் தம்பி வண்டி வெச்சிருக்கான். சொல்லி வெச்சிட்டேன். வலி எடுத்ததும் ஏத்திக்குனு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுவோம்."

"வலி வர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாது அக்கா. ரத்தம் ஏத்தணும்."

"இப்பக் கூட்டிக்குனு போனா ரெண்டு நாள் வெச்சிருந்து அனுப்பிடுவாங்க. தெனம் தெனம் இம்மாந் தூரம் இவள அலைய வைக்க முடியுமா? பக்கத்துல தங்கணும். பக்கத்துல இருக்கறது புருஷன் வூடு. வளையல் போட்டு அனுப்புனவ கைப்புள்ளையோட இல்ல திரும்பணும். வயித்தோட போயி அந்த வாசல்ல நின்னா ஊரு இன்னா சொல்லும்? எதுனா ஒண்ணு ஆயிட்டா அந்தம்மா காலத்துக்கும் என்னையே சொல்லும்."

அவர் பிடிவாதமாகச் சொல்லவில்லை. பயந்து சொன்னார். அதனால்தான் எனக்கு அதற்கு எதிராகப் பேச்சு வரவில்லை. இது மூடநம்பிக்கை, அது இது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்த வார்த்தைகளை அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மோர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எங்க வூட்டுக்கு வாங்க," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார்.

"சாரத்துல எங்க வூடு. ஆஸ்பத்திரி கிட்டதான். நீங்களும் கூட வாங்க. உங்க கையாலயே சமைச்சுப் போடுங்க. அது அவ புருஷன் வூடு இல்லையே. வாசப்படி மிதிக்கற பேச்சே இல்ல."

அம்மா வெளியே பார்த்துக்கொண்டு இருந்தார். அந்தப் பெண்ணின் வளையல்கள் மட்டும் ஏறி இறங்கின. பிறகு அவள்தான் பேசினாள்.

"அம்மா, என்னால முடியல. நான் அக்காகூடப் போறேன்."

சம்பந்தியைக் கேட்காமல் முடியாது என்று போன் போட்டார்கள். ஸ்பீக்கரில் இட்லிக் கடையின் சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொன்னதும் மாமியார் யாரையோ கூப்பிட்டு அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அப்புறம், "என் வாசப்படி மிதிக்கலன்னா எனக்கு ஒண்ணுமில்ல. புள்ளையும் அவளும் நல்லாருந்தா போதும்," என்றார். "அந்த ஆஷாவ அரிசி டப்பாவ மட்டும் பரண்ல ஏத்தி வெக்கச் சொல்லு. இவ மோப்பம் புடிச்சிடுவா."

அந்தப் பெண் சிரிக்கப் போய், மூச்சு வாங்கி, நிறுத்திக்கொண்டாள்.

மாமனின் வண்டி காய்கறி ஏற்றுகிற சின்ன வண்டி. அவளை முன்சீட்டில் உட்காரவைத்து, நான் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா பின்னால் மூட்டையோடு. வழியில் அவள் என் தோளில் சாய்ந்து கண்ணை மூடினாள். தூங்குகிறாளா, மயக்கமா என்று தெரியாமல் ஒவ்வொரு வேகத்தடையிலும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் "ம்" என்றாள். ஒரு தடவை சொல்லவில்லை. நான் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டேன். அப்போது, "தூங்க வுடுங்கக்கா," என்றாள்.

மையம் மூடுவதற்குள் போய்ச் சேர்ந்தோம். நர்ஸ் வாசலிலேயே பார்த்துவிட்டார். அவர் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கோபம் வருவதற்கு முன்னால் பயம் வந்தது. ஓடிவந்து அவளுடைய மறுபக்கத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். விரலில் குத்தி ரத்தம் எடுத்ததும் அவர்தான். கருவியில் எண் வந்தது. ஆறைக்கூடத் தொடவில்லை.

டாக்டரம்மா கருவியை வாங்கிப் பார்த்தார். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார்.

"இத்தனை நாளா இவங்கள யாரு பாத்தது?"

நர்ஸ், "அம்மா வீட்டுக்குப் போயிருந்தாங்க மேடம்," என்றார்.

"அம்மா வீடுன்னு ஒரு ஆஸ்பத்திரி இருக்கா சிஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டே டாக்டரம்மா பெரியாஸ்பத்திரிக்கு போன் செய்தார். பேசி முடித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "அடுத்த வாரம் நான் இத எப்படிச் சொல்லப் போறேன்," என்று தனக்குத்தானே சொன்னது எனக்குக் கேட்டது. அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் ஏற்றினார்கள். மிக மெதுவாக, சொட்டுச் சொட்டாக. வேகமாக ஏற்றினால் இருதயம் தாங்காதாம். சில நாள் வைத்திருந்து, இனிமேல் மூச்சு முட்டவில்லை என்றதும், மறுபடியும் வரவேண்டிய நாளைக் குறித்து அனுப்பினார்கள். என் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டோம். என் கணவர் பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிக்குப் போனார். அம்மா என் அடுப்பில் முருங்கைக்கீரை வதக்கினார். அந்தப் பெண் முதல் நாள் இரவு படுத்துத் தூங்கினாள். நான்தான் தூங்கவில்லை.

திரும்ப வேலைக்குப் போன அன்று நர்ஸ் நாற்காலி மேல் ஏறி, பிசின் காய்ந்திருந்த அதே இடத்தில் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கு இப்போது எண் ஏழைத் தாண்டியிருந்தது. ஆனாலும் மறு பரிசோதனை வரும்வரை சிவப்பாகவே இருக்கட்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

"வெச்சாச்சு," என்றார் நர்ஸ், என்னைத் திரும்பிப் பார்க்காமல். "மொத்தத் தாளுலயும் இது ஒண்ணுதான் கண்ணுல படப்போவுது. உனக்கு இப்பத் திருப்தியா?"

நான் நாற்காலி ஆடாமல் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

குழு வந்தது. மூன்று பேர். ஆங்கிலத்திலும் இந்தியிலும் பேசினார்கள். டாக்டரம்மா எங்களுக்குத் தமிழில் சொன்னார். நான் வழக்கம்போலக் குளிர்பெட்டிப் பக்கம் உட்கார்ந்தேன். கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் தாளின் முன்னால் நின்றார். பச்சைகளைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு அவர் விரல் சிவப்பில் போய் நின்றது. எங்களிடம் இருந்த பழைய மாதக் கணக்கையும் பார்த்தார். என்னவோ கேட்டார். டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இது உங்க பகுதிதானம்மா. எழுந்திருங்க. முன்னாடி சிவப்பு இருந்துது, அப்புறம் இல்ல, இப்ப மறுபடி இருக்கு. நடுவுல இன்னா நடந்துதுன்னு கேக்கறார்."

எழுந்தேன். எல்லா முகங்களும் திரும்பின. நர்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வளைகாப்பு நடந்துது," என்றேன்.

யாரோ சிரித்தார்கள். டாக்டரம்மா அதை எப்படி மொழிபெயர்ப்பது என்று யோசித்தார். பிறகு கொஞ்ச நேரம் விளக்கினார். அந்தப் பெரியவர் சிரிக்கவில்லை. இன்னொரு கேள்வி கேட்டார். டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார்: "அந்த நாட்கள்ல அவங்க எந்தக் கணக்குல இருந்தாங்கன்னு கேக்கறார்."

எனக்குப் பதில் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் அது நர்ஸின் தலையில் போய் விழும். நான் நின்றுகொண்டே இருந்தேன். குளிர்பெட்டி உறுமியது.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நர்ஸ் எழுந்து நின்றிருந்தார்.

"எதுலயும் இல்ல சார்," என்றார், அந்தப் பெரியவருக்குத் தமிழ் புரியாது என்பதை மறந்து. "இங்கருந்து நான் எடுத்தேன். அங்க யாரும் சேக்கல. நான் விசாரிக்கவும் இல்ல."

டாக்டரம்மா அதை மொழிபெயர்க்க வாயைத் திறக்கும்போது என் இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. கூட்டத்தில் போன் எடுக்கக் கூடாது. எடுத்தேன். அந்தப் பெண்ணின் அம்மா.

"ஆஷாம்மா, பனிக்கொடம் ஒடைஞ்சிடுச்சு. கட்டிலெல்லாம் ஈரம். எனக்கு ஒண்ணும் புரியல, நீ வா."

டில்லியிலிருந்து வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, டாக்டரம்மா பார்த்துக்கொண்டிருக்க, நான் யாரிடமும் உத்தரவு கேட்காமல் அந்த அறையை விட்டு வெளியே நடந்தேன். அப்படி ஒரு காரியத்தை என் வாழ்நாளில் செய்ததில்லை. ரோட்டுக்கு வந்து ஆட்டோவைக் கை காட்டும்போதுதான் செருப்பை உள்ளேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே அழைத்துப் போனார்கள். நானும் அம்மாவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். வெயில் வராந்தாவில் பாதி வரை வந்திருந்தது. மாமியார் கடையைப் பாதியில் போட்டுவிட்டு, கையில் மாவு காய்ந்திருக்க, வந்து சேர்ந்தார். இரண்டு சம்பந்திகளும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் என் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள்.

குழந்தை அழும் சத்தம் கேட்டது. எங்களுடையதுதானா என்று தெரியவில்லை. பிறகு கதவு திறந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்து, "பொம்பளப் புள்ள," என்று சொல்லிவிட்டு, சிரிக்காமல், கதவை மூடினார். அந்தச் சிரிக்காத முகம் எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளே காலடிகள் வேகமாகின. ஒரு ஆள் ரத்த வங்கிப் பக்கம் ஓடினார். ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று அடுத்து வந்தவர் சொன்னார்.

"எம் பொண்ணுக்கு இன்னாச்சு?" என்று அம்மா என்னைக் கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் மறுகையை மாமியார் பிடித்திருந்தார். எப்போது பிடித்தார் என்று தெரியவில்லை.

ஓடிப் போனவர் பெட்டியோடு திரும்பி வந்து உள்ளே போனார். அவளுக்கென்று எடுத்து வைத்திருந்த ரத்தம் அது. முன்பே சேர்த்ததால் இருந்தது. வெயில் பெஞ்சு வரைக்கும் வந்து எங்கள் கால்மேல் ஏறியது. யாரும் எழுந்து தள்ளி உட்காரவில்லை.

பெரிய டாக்டர் ஒருவர் வெளியே வந்தார். முகக்கவசத்தை இறக்கினார். "நின்னுடுச்சு. கண்ணு முழிச்சிருக்காங்க. ரத்தம் ஏத்தறதுக்கு முன்ன இருந்த நெலமையில இப்படி ஆகியிருந்தா நாங்க ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது," என்றார். எல்லோரும் புரிந்துகொண்டோம்.

அதற்குப் பிறகுதான் இரண்டு சம்பந்திகளுக்கும் பேச்சு வந்தது. குழந்தையை யார் முதலில் வாங்குவது, யார் ஜாடை, பெயர் வைக்கிற வரைக்கும் எங்கே இருப்பது என்று சத்தம் எழுந்து, காவலாளி வந்து அதட்டிவிட்டுப் போனார்.

என் போன் அடித்தது. எங்கள் நர்ஸ்.

"இருக்காளா?" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

"இருக்கா சிஸ்டர். ரத்தம் நிறையப் போச்சு. நின்னுடுச்சு. பொண்ணு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. குழு என்ன எழுதிக்கொண்டு போனது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"கேளு," என்றார் பிறகு, வழக்கமான குரலில். "டிஸ்சார்ஜ் ஆனா எங்க போவா?"

"அம்மா வீட்டுக்குத்தான். மூணாம் மாசம் வரைக்கும் அங்கதான் இருப்பா."

"அப்ப மறுபடியும் அந்தப் பக்கம். பெத்தவளுக்கு ரத்தம் ஏறணும், புள்ளைக்கு ஊசி போடணும். இந்தத் தடவை நான் தாளுலருந்து எடுக்க மாட்டேன். அவங்க எடுத்துக்கிட்டேன்னு வாய்விட்டுச் சொல்ற வரைக்கும் எடுக்க மாட்டேன். அந்த ஊரு நர்ஸு நம்பர வாங்கு. நீயே பேசு. உனக்குத்தான் அந்த வீடு தெரியும்."

அம்மாவிடம் எண் இருந்தது. அவர் தன் போனில் தேடி எடுத்துக் கொடுத்தார். நான் வராந்தாவின் கோடிக்குப் போனேன். முன்பின் பார்த்திராத ஒரு அரசு ஊழியரிடம், உங்கள் வேலையைப் பற்றிக் கேட்கிறேன் என்று எப்படி ஆரம்பிப்பது என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். சரியாக வரவில்லை. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாலும் வராது என்று தோன்றியது.

எண்ணை அழுத்தினேன். நீண்ட நேரம் அடித்தது. பிறகு ஒரு பெண் குரல், களைத்துப்போன குரல், "யாரு?" என்றது.

"நான் பாண்டிலருந்து பேசறேம்மா," என்றேன். "உங்க ஊருப் பொண்ணு ஒண்ணு இங்க பெத்திருக்கு. அதப் பத்தி உங்ககிட்டப் பேசணும்."